குற்றாலமா... கோர்ட்டலமா?

குட்டி நண்பர்களே, ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் காற்றே மாறிவிடும். மேற்கே மலை உச்சியை மேகம் மூடிக்கொள்ளும். வெயில் அடிக்கும்போதே பூப்போலச் சாரல் விழும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி, "குத்தாலத்துல தண்ணி விழுதாம்ல!" என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், சீசன் வந்துவிட்டது!

சீசன் வந்தால் கூடவே விருந்தாளிகளும் வருவார்கள். மும்பையில் இருந்து உங்கள் மாமா குடும்பம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா பையன் நன்றாகத் தமிழ் பேசுவான். ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. ரயிலை விட்டு இறங்கியதும் பெயர்ப் பலகையில் உள்ள ஆங்கிலத்தைப் பார்த்து, "டென்காசி" என்று படிக்கிறான். "அதென்ன, பத்து காசியா?" என்று கேட்கிறான். அடுத்து பேருந்துப் பலகை. "கோர்ட்டல்லம்! அங்கே பெரிய கோர்ட் இருக்கா? ஜட்ஜ் இருப்பாரா?"

உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவனும் விடுவதாக இல்லை. "சரி, நீயே ஆங்கிலத்தில் எழுதிக் காட்டு" என்று பேனாவை நீட்டுகிறான். நீங்கள் ஒரு மாதிரி எழுதுகிறீர்கள். உங்கள் அக்கா வேறு மாதிரி எழுதுகிறார். அப்பாவின் பழைய டைரியில் மூன்றாவது மாதிரி இருக்கிறது!

இதில் எது சரி? நம் ஊரின் பெயரை இன்னொரு மொழியில் எப்படி எழுத வேண்டும்? அதை முடிவு செய்வது யார்? வாருங்கள், அருவியில் குளிக்கப் போகும் வழியிலேயே பேசிக்கொண்டு போகலாம்.

ஐந்து எழுத்து, பத்து எழுத்து

தமிழில் குற்றாலம் என்று எழுத ஐந்தே எழுத்து போதும். கு, ற், றா, ல, ம். ஆங்கிலத்தில் அரசு அலுவலகங்களும் புத்தகங்களும் அதிகமாக எழுதும் முறைக்குப் பத்து எழுத்து வேண்டும். சி, ஓ, யூ, ஆர், டி, ஏ, எல், எல், ஏ, எம். இன்னும் பழைய புத்தகங்களில் கடைசி 'ஏ'வுக்குப் பதிலாக 'யூ' இருக்கும். இப்போது பல கடைகளிலும் விடுதிகளிலும் கே, யூ, டி, ஆர், ஏ, எல், ஏ, எம் என்று எட்டே எழுத்தில் முடித்துவிடுகிறார்கள்.

முதல் முறையில் 'கோர்ட்' எப்படி உள்ளே வந்தது? 'சூப்', 'குரூப்' என்ற ஆங்கிலச் சொற்களை எழுதிப் பாருங்கள். 'ஓ'வும் 'யூ'வும் சேர்ந்து அங்கே 'ஊ' என்ற ஒலியைத் தருகின்றன அல்லவா? அதே மாதிரி படித்தால் இது 'கூர்ட்டாலம்'. நம் குற்றாலத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டது! ஆனால் ஆங்கிலம் படித்தவர் கண்ணுக்கு முதலில் தெரிவது 'கோர்ட்'தான். பாவம், மாமா பையன் மேல் தப்பில்லை.

உண்மையில் இங்கே குறும்பு செய்வது 'ற்ற' என்ற நம் எழுத்துகள்தான். இந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்து கிடையாது. அதனால் எழுதுகிறவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டுபிடிக்கிறார்கள். பத்து எழுத்துக் குற்றாலத்தில் 'ஆர்' முதலில், 'டி' பிறகு. எட்டு எழுத்துக் குற்றாலத்தில் 'டி' முதலில், 'ஆர்' பிறகு. குற்றால மலையில் பிறந்து பேரருவியாக விழுந்து தென்காசி வழியாக ஓடும் ஆறு எது? சிற்றாறு! அதிலும் 'ற்ற' இருக்கிறது. ஆனால் அதை ஆங்கிலத்தில் 'சிட்டார்' என்றே எழுதுகிறார்கள். அங்கே இரண்டு 'டி' மட்டும். ஒரே மலை, ஒரே தண்ணீர், ஒரே ஒலி. எழுதுவது மட்டும் மூன்று விதம்!

நாமே பேசும்போது என்ன செய்கிறோம்? 'காற்று' என்று எழுதி 'காத்து' என்கிறோம். 'குற்றாலம்' என்று எழுதி 'குத்தாலம்' என்கிறோம். ஆச்சி சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள்!

பத்து காசியும் அப்புறம் காசியும்

தென்காசிக்கு வருவோம். தெற்கே உள்ள காசி, தென்காசி. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் இங்கே காசி விசுவநாதர் கோயிலைக் கட்டினார். வடக்கே உள்ள காசிக்குப் போக முடியாதவர்கள் இங்கேயே வணங்கட்டும் என்று கட்டினார் என்று சொல்வார்கள்.

'த' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு பல்லைத் தொடுகிறது. 'ட' என்று சொல்லுங்கள். நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ஆங்கிலத்தின் 20ஆவது எழுத்தான 'டி' இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதனால் வெள்ளைக்காரர்கள் நம் 'த'வுக்கும் 'ட'வுக்கும் அந்த ஓர் எழுத்தையே போட்டார்கள். தென்காசி 'டென்காசி' ஆனது இப்படித்தான்.

'டி'யோடு ஒரு 'எச்' சேர்த்தால் சரியாகிவிடாதா? சேர்த்துப் பாருங்கள். முதல் நான்கு எழுத்தும் 'அப்புறம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாகிவிடும். 'பத்து காசி' போய் 'அப்புறம் காசி' வந்துவிடும்! ஆனாலும் ஒலி நம்முடையதுக்கு நன்றாகவே நெருங்கி வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம். அதன் 4ஆவது எழுத்தையும் 20ஆவது எழுத்தையும் நாம் தமிழில் எப்படி எழுதுகிறோம்? இரண்டையும் 'டி' என்றுதான்! ஒவ்வொரு மொழியும் தன் வீட்டில் இருக்கும் பாத்திரத்தில்தானே அடுத்த வீட்டுக் குழம்பை வாங்கி வைக்க முடியும்?

இன்னொரு வேடிக்கை. வடக்கே இருக்கும் அந்தக் காசிக்கே எத்தனை பெயர்! ஆங்கிலேயர் 'பெனாரஸ்' என்றார்கள். 1956ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி 'வாராணசி' என்பது அதிகாரப்பூர்வப் பெயர் ஆனது. ஆனால் 1916இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்றும் 'பனாரஸ்' என்ற பெயரோடுதான் இருக்கிறது. அந்த ஊரில் வாராணசி, காசி, பனாரஸ் என்று மூன்று பெயர்களிலும் ரயில் நிலையம் உண்டு. 'பனாரஸ்' நிலையம் அந்தப் பெயரைப் பெற்றது 2021இல்தான்.

காதில் விழுந்தபடி

ஊர்ப் பெயரை வெளிநாட்டார் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்வது நேற்று வந்த பழக்கம் இல்லை. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க மொழியில் கடல் வணிகர்களுக்காக ஒரு கையேடு எழுதப்பட்டது. அதில் பாண்டிய நாட்டு முத்துத் துறைமுகமான நம் கொற்கை, 'கொல்கோய்' என்று இருக்கிறது. 'ற்' அன்றைக்கே பாடாய்ப் படுத்தியிருக்கிறது!

ஆங்கிலேயர் திருநெல்வேலியை 'டின்னவெலி' ஆக்கினார்கள். பாளையங்கோட்டையைப் 'பாலம்கோட்டா' என்றார்கள். கால்டுவெல் 1881இல் இந்த மாவட்டத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது, தலைப்பில் 'டின்னவெலி' என்றே போட்டார். அந்தப் பெயர் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் விளையும் நிலாவாரை இலை மருந்துக்காக வெளிநாடுகளுக்குப் போகிறது. உலகச் சந்தையில் அதன் பெயர் இன்றும் 'டின்னவெலி சென்னா'தான்.

ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெற்றிலைக்கு ஆங்கிலத்தில் 'பீட்டல்' என்று பெயர். மலையாளத்தில் 'வெற்றில'. அதைக் கேட்ட போர்ச்சுகீசியர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றினார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இங்கேயும் 'ற்ற'தான் 'ட்' ஆகியிருக்கிறது!

---
தெரியுமா?

நாவல் மரத்துக்கு உறவான ஒரு மரத்தின் அறிவியல் பெயர் 'சிசிஜியம் கோர்ட்டலென்ஸ்'. குற்றாலத்தின் பழைய ஆங்கிலப் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சளிக்கு ரசம் வைக்கும் முசுமுசுக்கையின் அறிவியல் பெயரில் 'மெட்ராஸ்' இருக்கிறது. ஊர்ப் பெயர் மாறினாலும் செடியின் அறிவியல் பெயரை அதற்காக மாற்ற மாட்டார்கள்.

---

ஒலியா, பொருளா, பழக்கமா?

ஒரு ஊர்ப் பெயரை வேறு மொழிக்குக் கொண்டுபோக மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஒலியைக் கொண்டுபோவது. குற்றாலத்தை எட்டு எழுத்தில் எழுதுவது இந்த வகை.

இரண்டாவது வழி, பொருளைக் கொண்டுபோவது. குற்றாலத்திலேயே இதற்கு நிறைய உதாரணம் உண்டு. ஐந்தருவிக்கு ஆங்கிலத்தில் 'ஃபைவ் ஃபால்ஸ்'. புலியருவிக்கு 'டைகர் ஃபால்ஸ்'. பேரருவிக்கு 'மெயின் ஃபால்ஸ்'. வெளியூர்க்காரருக்கு உடனே புரிந்துவிடும். ஆனால் அவர் வழி தவறிவிட்டால் என்ன ஆகும்? வயலில் வேலை செய்யும் பாட்டியிடம் போய் 'டைகர் ஃபால்ஸ் எங்கே?' என்று கேட்டால் பாட்டி விழிப்பார். 'புலியருவி' என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடுவார்.

பொருளைக் கொண்டுபோவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் இருப்பது செங்கோட்டை. சிவந்த கோட்டை என்று பொருள். டெல்லியில் சுதந்திர தினத்தன்று பிரதமர் கொடியேற்றும் கோட்டையையும் தமிழில் செங்கோட்டை என்றுதான் சொல்கிறோம். அதை ஆங்கிலத்தில் 'ரெட் ஃபோர்ட்' என்பார்கள். நம் செங்கோட்டையையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டால்? புரோட்டா சாப்பிடக் கிளம்பியவர் டெல்லிக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்!

மூன்றாவது வழி, பழக்கம். ஒருவர் எப்போதோ ஒரு மாதிரி எழுதிவிட்டார். அது வரைபடத்தில் ஏறியது, சட்டத்தில் ஏறியது, தபால் முத்திரையில் ஏறியது. அப்புறம் எல்லோரும் அதையே பார்த்து எழுதுகிறார்கள். 'கோர்ட்' வைத்த குற்றாலம் இந்த வகை.

எல்லையில் ஓர் ஊர்

செங்கோட்டைக் கதை இன்னும் முடியவில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்பு வரை அது தமிழ்நாட்டோடு இல்லை! திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பகுதி கேரளத்தில் சேர்ந்தது.

அதனால் இந்தப் பக்கத்தில் இரண்டு மொழிகளும் சர்வசாதாரணம். தென்காசிப் பேருந்து நிலையத்தில் கேரள அரசுப் பேருந்து வந்து நின்றால் அதன் பலகையைப் பாருங்கள். மலையாள எழுத்தில் 'தெங்காசி' என்று எழுதியிருக்கும். அவர்களுக்கு அதுதான் சரியான எழுத்து. அவர்கள் நம் ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. பேருந்தில் ஏறிப் புனலூருக்குப் போய் வருகிறோம்.

ஆங்கிலேயர் காலத்தில் செங்கோட்டையை 'ஷென்கோட்டா' என்று எழுதினார்கள். இன்றைய ரயில் நிலையப் பலகையில் தமிழ் ஒலிக்குப் பொருத்தமாக 'செங்கோட்டை' என்றே ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஆனால் பழைய பெயர் ஓரிடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் போன டிக்கெட் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். செங்கோட்டையின் ரயில்வே குறியீடு எஸ், சி, டி. இன்றைய எழுத்துக்கூட்டலில் 'சி' எங்கேயும் இல்லையே! அது ஷென்கோட்டாவின் 'கோ'வில் இருந்து வந்தது.

இன்னும் தேடினால் இன்னும் கிடைக்கும். கொல்லத்தின் குறியீடு க்யூ, எல், என். ஆங்கிலேயர் சொன்ன 'குயிலான்' அங்கே இருக்கிறது. திருவனந்தபுரம் சென்ட்ரலுக்கு டி, வி, சி. அது 'டிரிவாண்ட்ரம்'. சென்னை சென்ட்ரலுக்கு எம், ஏ, எஸ். அது 'மெட்ராஸ்'. பலகையில் அழித்த பெயர், டிக்கெட்டில் உயிரோடு இருக்கிறது!

பெயரைப் பறிகொடுத்த மலைநாடு

இதுவரை சிரித்துக்கொண்டே வந்தோம். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற கதை இல்லை. பெயரை வேறு மாதிரி எழுதுவது வேறு. பெயரையே பிடுங்கிக்கொள்வது வேறு. அந்த வித்தியாசம் தெரிய நம் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக்குப் போக வேண்டும்.

நம் செங்கோட்டை மாதிரியே அங்கேயும் எல்லை ஓரத்தில் ஒரு மலைநாடு இருக்கிறது. இத்தாலியின் வடக்கு மூலை. அதைத் தாண்டினால் ஆஸ்திரியா. இன்று ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அங்கே வாழ்கிறார்கள். ஏறத்தாழப் பத்தில் ஏழு பேர் ஜெர்மன் மொழி பேசுகிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் இத்தாலிய மொழி பேசுகிறார்கள். சில பள்ளத்தாக்குகளில் 'லடின்' என்ற சின்ன மொழியும் உண்டு.

ஜெர்மன் பேசுவோர் தங்கள் நாட்டை 'ஸூட்டிரோல்' என்கிறார்கள். தெற்கு டிரோல் என்று பொருள். இத்தாலியர் 'ஆல்டோ அடிஜே' என்கிறார்கள். அடிஜே ஆற்றின் மேல்பகுதி என்று பொருள். ஒருவர் மலைநாட்டின் பெயரைச் சொல்கிறார், இன்னொருவர் ஆற்றின் பெயரைச் சொல்கிறார்.

முதல் உலகப் போர் முடியும் வரை இது ஆஸ்திரியாவோடு இருந்தது. போருக்குப் பிறகு இத்தாலிக்குப் போனது. 1922இல் முசோலினி இத்தாலியின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டே, 1923இல், ஆயிரக்கணக்கான ஊர், மலை, ஆறுகளுக்கு இத்தாலியப் பெயர்தான் அதிகாரப்பூர்வமானது என்று சட்டம் வந்தது. அந்தப் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தவர் எட்டோரே டோலோமெய் என்பவர். சில பெயர்களுக்கு வால் மட்டும் ஒட்டினார். 'பிரென்னர்' என்ற கணவாய் 'பிரென்னெரோ' ஆனது. சிலவற்றை மொழிபெயர்த்தார். சிலவற்றுக்குப் புதிதாகவே பெயர் உண்டாக்கினார்.

அதோடு நிற்கவில்லை. 'டிரோல்' என்ற பெயரைப் பொது இடங்களில் பயன்படுத்தவே தடை போட்டார்கள். பள்ளிகளில் ஜெர்மன் மொழிக்கும் தடை. உங்களைப் போன்ற பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளி முடிந்த பிறகு பண்ணை வீடுகளில் ஒளிந்து உட்கார்ந்து தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் பிடிபட்டால் தண்டனை. அந்த ரகசிய வகுப்புகளை 'நிலவறைப் பள்ளிகள்' என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மெல்ல மாறியது. 1946இல் இத்தாலியும் ஆஸ்திரியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1972இல் அந்த மாகாணத்துக்கு அதிக அதிகாரம் கிடைத்தது. 2001இல் இத்தாலியின் அரசமைப்புச் சட்டத்திலேயே 'ஆல்டோ அடிஜே', 'ஸூட்டிரோல்' என்ற இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்கள். இப்போது சாலைப் பலகைகளில் இரண்டு மொழிகள். லடின் பேசும் பள்ளத்தாக்கில் மூன்று. அங்கே விளையும் ஆப்பிளுக்கும் இரண்டு மொழிகளிலும் பதிவு செய்த பெயர் உண்டு!

சரி, ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அந்த இடத்தை எப்படி எழுதுவது? ஜெர்மன் பெயரை மொழிபெயர்த்து 'சவுத் டிரோல்' என்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள். 'ஆல்டோ அடிஜே' என்று எழுதுகிறவர்களும் உண்டு. கவனமாக எழுதுகிறவர்கள் முதல் தடவை இரண்டையும் குறிப்பிட்டுவிட்டு, பிறகு ஒன்றைத் தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள். எதை எழுதினாலும் அங்கே வாழ்கிறவர் தன் மொழியில் தன் ஊரைச் சொல்ல இன்று தடை இல்லை. முக்கியம் அதுதான்!

ஒரு வாரம் வாழ்ந்த பெயர்கள்

நம் தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. 1996இல் மெட்ராஸ் சென்னை ஆனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போதும் சென்னைப் பல்கலைக்கழகமும் உயர் நீதிமன்றமும் ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்ற பெயரையே வைத்துக்கொண்டன.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. 1018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழில் ஒலிப்பது போலவே எழுத வேண்டும் என்பது திட்டம். நோக்கம் நல்ல நோக்கம்தான். தமிழ் ஒலி சிதையக் கூடாது அல்லவா? ஆனால் எழுதிப் பார்த்தபோது சிக்கல் வந்தது. கோயம்புத்தூருக்கு ஆங்கிலத்தில் 10 எழுத்துதான் இருந்தது. புதிய முறையில் 14 எழுத்து! வேலூருக்குப் போட்ட எழுத்துகளை ஆங்கிலம் படித்தவர் பார்த்தால் 'வீலூர்' என்று படிப்பார். பலரும் இப்படிச் சுட்டிக்காட்டினார்கள். வெளியான சில நாட்களிலேயே அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதில் நமக்கு என்ன தெரிகிறது? ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழியின் எழுத்தில் முழுவதும் அடைக்க முடியாது. எவ்வளவு எழுத்து கூட்டினாலும் 'ற்ற' கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும்!

நாமும் அப்படித்தானே? 'ஜெர்மனி' என்கிறோம். அவர்கள் தங்கள் நாட்டை 'டாய்ச்லாந்து' என்கிறார்கள். 'ஜப்பான்' என்கிறோம். அவர்கள் 'நிப்பொன்' என்கிறார்கள். இலங்கையில் தமிழர் 'யாழ்ப்பாணம்' என்று சொல்லும் ஊர், சிங்களத்தில் 'யாப்பனய', ஆங்கிலத்தில் 'ஜாஃப்னா'. வேறு பெயர் சொல்வதெல்லாம் அவமானம் இல்லை. 'உன் பெயரை நீ சொல்லாதே' என்று சொல்வதுதான் அவமானம்.

அப்படியானால் நாம் எப்படி எழுதுவது?

இதோ நான்கு எளிய வழிகள்.

1. சான்றிதழ், விண்ணப்பம், வங்கிப் புத்தகம் என்று வந்தால் சொந்த விருப்பத்துக்கு இடம் இல்லை. உங்கள் பழைய ஆவணங்களில் ஊர்ப் பெயர் எப்படி இருக்கிறதோ அதையே எல்லாவற்றிலும் எழுதுங்கள். ஒன்றில் பத்து எழுத்தும் இன்னொன்றில் எட்டு எழுத்தும் இருந்தால் 'இரண்டும் ஒரே ஊர்தானா?' என்று கேள்வி வரலாம்.

2. கடிதத்தில் பின்கோடை மறக்காதீர்கள். மயிலாடுதுறைப் பக்கம் 'குத்தாலம்' என்றே ஓர் ஊர் உண்டு. நாம் பேச்சில் சொல்லும் பெயரும் அதுவேதான்! அந்த ஊரின் பின்கோடு 609இல் தொடங்கும். நம் குற்றாலத்துக்கு 627802. இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15இல் வந்ததே இப்படிப்பட்ட குழப்பத்தைத் தீர்க்கத்தான். பல மொழி, பல எழுத்து, ஒரே மாதிரிப் பெயர் என்று தபால்காரர் திண்டாடக் கூடாது அல்லவா?

3. வெளியூர் நண்பருக்கு ஆங்கிலத்தில் கட்டுரையோ கடிதமோ எழுதினால், எல்லோரும் வரைபடத்தில் தேடும் பெயரை எழுதுங்கள். பக்கத்திலேயே தமிழிலும் ஒரு முறை எழுதிக் காட்டுங்கள். கட்டுரை முழுவதும் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்ளுங்கள்.

4. அடுத்த ஊர்க்காரர் தன் ஊரை எப்படிச் சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். அந்த ஒலி நம் வாயில் சரியாக வராமல் போகலாம். முயற்சி செய்தோம் என்பதே அவருக்குச் சந்தோஷம் தரும்.

---
செய்து பாருங்கள்!

ஒரு நோட்டில் உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதுங்கள். அதன் கீழே குடும்ப அட்டை, பேருந்துப் பலகை, ரயில் நிலையம், கடைப் பலகை, பள்ளியின் முத்திரை ஆகியவற்றில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். எத்தனை விதம் கிடைக்கிறது? கடைசியாக வீட்டில் உள்ள ஆச்சி, தாத்தாவிடம் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதையும் அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பலகையிலும் இல்லாத ஒரு பெயர் அதில் கிடைக்கலாம்!

---

பேசிக்கொண்டே குற்றாலம் வந்துவிட்டோம். மாமா பையன் எங்கே? அதோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்கு அடியில் ஓடிவிட்டான். தண்ணீர் தலையில் 'தொம் தொம்' என்று விழுகிறது. குளிரில் பல் தந்தியடிக்கிறது. அவன் வாயைத் திறந்து கத்துகிறான். "குத்தாலம்... சூப்பர்!"

ஆச்சி சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டான், பார்த்தீர்களா?